நடுவில் இருக்கும் பெட்டி

2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூரையில் சோலார் பேனல் போட்டவர் மின்கட்டமைப்புக்குத் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 99 ஃபெனிக் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று அது உறுதியளித்தது. ஆகஸ்டில் 3ஜி அலைக்கற்றை ஏலம் முடிந்து, அரசுக்குக் கிட்டத்தட்ட 9,900 கோடி மார்க் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் சந்தித்தன. கூரையில் பேனல், சுவரில் பேனலின் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், அதன் பக்கத்தில் கையகலப் பெட்டி. பெட்டிக்குள் 3ஜி மோடம். அது இன்வெர்ட்டர் சொல்வதைக் கேட்டு எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பும். 2008-இல் பொருத்திய பேனலுக்கு 2028 வரை விலை உண்டு. ஆனால் 2021-இல் ஜெர்மன் தொலைபேசி நிறுவனங்கள் 3ஜி சேவையை மூடிவிட்டன. 3ஜி தவிர வேறெதுவும் தெரியாத மோடம்கள் அன்றோடு ஊமையாயின. பேனலின் ஆயுளை எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். பெட்டியின் ஆயுளைப் பார்த்தவர்கள் குறைவு. இன்று கேட்வே என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டியை வாங்குவதும் பொருத்துவதும் பெரிய விஷயமல்ல. பொருத்திய பிறகு அதை யார், எந்த அதிகாரத்தில், எந்த வழியாகப் பராமரிக்கிறார்கள் என்பதில்தான் மின்சாரத்தின் மீதான கட்டுப்பாடு அடங்கியிருக்கிறது. ஜெர்மனியின் இருபத்தைந்து ஆண்டு அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

பெட்டி வந்த காரணம் மிக எளிமையானது: பணம். சோலார் வைத்த வீட்டில் இன்வெர்ட்டர் பழுதானால் வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. விளக்கு எரியும், அடுப்பு சூடாகும், எல்லாம் கட்டமைப்பிலிருந்து வரும் மின்சாரத்தில் வழக்கம்போல் நடக்கும். கூரை ஒரு கோடை முழுவதும் சும்மா கிடந்திருக்கிறது என்பது கணக்கு முடிக்கும்போதுதான் வெளிப்படும். அதனால் இன்வெர்ட்டர்களை இரட்டைக் கம்பியில் வரிசையாகக் கோத்து, கடைசி முனையில் ஒரு பதிவுக் கருவியை மாட்டினார்கள். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு இன்வெர்ட்டரையும் பெயர் சொல்லி அழைப்பதுபோல் அதன் எண்ணைச் சொல்லிக் கேட்கும். எத்தனை வாட், எத்தனை வோல்ட், பிழைக் குறியீடு ஏதும் உண்டா என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளும். முதலில் தொலைபேசி இணைப்பு வழியாகவும் பிறகு இணையம் வழியாகவும் அந்தப் பதில்கள் வெளியே போயின. காஸெல் நகருக்கு அருகே நீஸ்டெடாலில் இயங்கும் எஸ்எம்ஏ போன்ற இன்வெர்ட்டர் நிறுவனங்கள் தங்கள் கருவிகளுக்குத் தாங்களே பெட்டியும் இணையதளமும் கொடுத்தன. வாங்கியவர் பார்வையில் அது ஒரு துணைப்பொருள். விற்றவர் பார்வையிலும் அப்படித்தான். அது பேசுவதற்காக வந்தது. உத்தரவை ஏற்று நடக்கும் வேலையும் ஒருநாள் அதன் தலையில் விழும் என்று அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

உத்தரவு போடுவதற்கு மின் நிறுவனங்களிடம் வேறு ஏற்பாடு இருந்தது, அது மிகப் பழையது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஐரோப்பாவில் மின்கம்பி மீதே தாழ்ந்த அதிர்வெண் குறிப்புகளை ஏற்றி அனுப்பும் முறை வந்துவிட்டது. தெருவிளக்கை ஏற்றவும், இரவு மலிவு மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவிகளை இயக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் நெட்டலை வானொலி வழியாகவும் அதே வேலை நடந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே மைன்ஃப்ளிங்கன், மாக்டபுர்க்குக்கு அருகே புர்க் ஆகிய இடங்களின் கோபுரங்களிலிருந்து நாடு முழுவதும் குறிப்புகள் பரவின. 2009-இல் திருத்தப்பட்ட சட்டம், 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களின் உற்பத்தியைத் தொலைவிலிருந்து குறைக்க வசதி இருக்க வேண்டும் என்றது. 2012-இல் சிறிய நிலையங்களும் அந்த வளையத்துக்குள் வந்தன. பல இடங்களில் இந்த வானொலிப் பெட்டியையே மாட்டினார்கள். அதில் வழக்கமாக நான்கு ரிலே இருக்கும்: முழு உற்பத்தி, 60 சதவீதம், 30 சதவீதம், பூஜ்யம். கோபுரம் சொன்னால் ஒரு ரிலே கிளிக்கென்று மூடும். அது மூடியதா என்று கோபுரத்துக்குத் தெரியாது. பெட்டிக்குக் காது உண்டு, வாய் இல்லை. ஆக ஒரே சுவரில் இரண்டு பெட்டிகள் தொங்கின. ஒன்று பேசியது, கேட்கவில்லை. மற்றொன்று கேட்டது, பேசவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

இதன் விலை என்ன என்பதை ஒரு சிறிய எண் கற்றுக்கொடுத்தது: 50.2. ஐரோப்பியக் கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓடுகிறது. தேவையைவிட உற்பத்தி கூடினால் அதிர்வெண் ஏறும், குறைந்தால் இறங்கும். சோலார் அரிதாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட விதி, 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் கூரை இன்வெர்ட்டர் உடனே கழன்றுகொள்ள வேண்டும் என்றது. சில ஆயிரம் கூரைகளுக்கு அது நல்ல விதி. பல லட்சம் கூரைகள் வந்தபின் அதுவே ஆபத்தானது. வெயில் ஏறிய மதியத்தில் அதிர்வெண் அந்தக் கோட்டைத் தொட்டால் எல்லா இன்வெர்ட்டர்களும் ஒரே நொடியில் கழன்றுகொள்ளும். பல ஆயிரம் மெகாவாட் ஒரே வீச்சில் மறையும். ஐரோப்பா முழுவதற்கும் சேர்த்து இதற்கென உடனடிக் கையிருப்பாக வைத்திருந்ததோ 3,000 மெகாவாட். இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. 2006 நவம்பர் 4 அன்று எம்ஸ் ஆற்றில் ஒரு பெரிய பயணக் கப்பல் கடப்பதற்காக உயர் அழுத்தக் கம்பி ஒன்றை அணைத்தார்கள். அதைத் தொடர்ந்து ஐரோப்பியக் கட்டமைப்பே மூன்று துண்டாக உடைந்தது. வடகிழக்குத் துண்டில் அதிர்வெண் 51 ஹெர்ட்ஸையும் தாண்டியது. அப்போது இரவு 10 மணி கடந்திருந்தது. வெயில் இல்லை, கூரைகளும் அன்று அதிகமில்லை. ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு கோடை மதியத்தில் அதே விபத்து நடந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மாற்ற வேண்டியிருந்தது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு எண்ணை மட்டும். அதை மாற்ற ஜெர்மனி 2012 ஜூலையில் தனி ஆணை பிறப்பித்தது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 3,15,000 நிலையங்கள் அதன் கீழ் வந்தன. மின் நிறுவனம் ஒவ்வொரு உரிமையாளருக்கும் கடிதம் எழுதியது. எந்த நிறுவனத்தின் இன்வெர்ட்டர், எந்த மாடல் என்று படிவம் நிரப்பி வாங்கியது. பிறகு எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போய், மூடியைக் கழற்றி, மெனுவில் அந்த மதிப்பைத் திருத்தினார். சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் எனும் உள்மென்பொருளையே மாற்ற வேண்டியிருந்தது. எல்லாம் மறுபடி ஒரே நொடியில் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக, வெவ்வேறு கருவிகளுக்கு வெவ்வேறு அதிர்வெண்ணில் எல்லை வைத்தார்கள். கடைசிக் காலக்கெடு 2014 இறுதி. ஓர் எண்ணைத் திருத்த இரண்டரை ஆண்டுகளும் கோடிக்கணக்கான யூரோவும் ஆயின. அந்தச் செலவு மின் கட்டணத்தில் ஏறியது. இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒன்று. அந்த வீடுகளில் பலவற்றில் பேசும் பெட்டி ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைய உற்பத்தி எத்தனை யூனிட் என்று அது தினமும் சர்வருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வழியாக ஓர் எண்ணை உள்ளே அனுப்பத்தான் பொதுவான வழியோ, அதற்குரிய அதிகாரமோ, பொறுப்பேற்கும் ஆளோ இல்லை.

ஜெர்மனியில் எலக்ட்ரீஷியன்கள் கடைசி வீடுகளை முடித்துக்கொண்டிருந்த சமயம், பசிபிக் கடலில் இதே நோய்க்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது. ஹவாயின் ஒவாஹு தீவு வேறெந்தக் கட்டமைப்புடனும் சேராத தனித் தீவு. அதன் 60 ஹெர்ட்ஸ் கட்டமைப்பு எளிதில் ஆடக்கூடியது. அங்கும் கூரை சோலார் பெருகி, சிறு ஆட்டத்திலேயே எல்லாம் சேர்ந்து கழன்றுவிடுமோ என்ற அச்சம் வந்தது. அங்கே பெரும்பாலான கூரைகளில் இருந்தவை கலிஃபோர்னியாவின் என்ஃபேஸ் நிறுவனத்தின் சின்னஞ்சிறு இன்வெர்ட்டர்கள். பேனலுக்கு ஒன்று வீதம் அடியில் பொருத்தப்பட்டவை. அவை வீட்டு வயரிங் வழியாகவே ‘என்வாய்’ என்ற கேட்வேயுடன் பேசும். என்வாய் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருடன் பேசும். 2015 தொடக்கத்தில் என்ஃபேஸ் அந்த வழியாகவே சுமார் 8,00,000 இன்வெர்ட்டர்களின் அமைப்பை மாற்றியது. மாற்றம் பரவ ஒரு நாள் போதுமாக இருந்தது. யாரும் ஏணி வைத்துக் கூரையேறவில்லை. இந்த இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெட்டியை நிர்வகிக்கும் ஏற்பாடு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தூரம் விளங்கும்.

ஆனால் அந்த ஒரு நாளே அச்சமூட்டுவது என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான ஆட்சேபம். எட்டு லட்சம் கருவிகளை ஒரு நாளில் திருத்த முடிந்தவரால் அவற்றை ஒரு நாளில் கெடுக்கவும் முடியும். இதற்குச் சான்று 2022 பிப்ரவரி 24. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் இணைய சேவையின் பல்லாயிரம் மோடம்கள் ஐரோப்பா முழுவதும் செத்துப்போயின. தாக்கியவர்கள் ஒவ்வொரு மோடமாகப் பூட்டை உடைக்கவில்லை. சரியாக அமைக்கப்படாத ஒரு நுழைவுக் கருவி வழியாக, மோடம்களை நிர்வகிக்கும் பகுதிக்குள் புகுந்தார்கள். அங்கிருந்து நிர்வாகி அனுப்புவது போலவே முறையான கட்டளைகளை அனுப்பி, மோடம்களின் நினைவகத்தை அழித்தார்கள். குறி உக்ரைனாக இருந்தது. ஆனால் ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் நிறுவிய 5,800 காற்றாலைகள் அதே சேவையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மொத்தத் திறன் 11,000 மெகாவாட். காற்றாலைகள் தம் பாட்டில் சுழன்று மின்சாரம் தந்தன. ஆனால் தொலைவிலிருந்து அவற்றைப் பார்க்கவோ, பழுதில் நின்றதைத் திரும்ப ஓட்டவோ வழியில்லை. மோடம்களை மாற்றும் வேலை வாரக்கணக்கில் நீண்டது.

அப்படியானால் இணைப்பே வேண்டாம் என்று முடிவுகட்டலாமா? முடியாது என்பதற்கு 50.2 கதையே பதில். துண்டித்து வைத்த பெட்டி பாதுகாப்பாக இருக்கும் என்பதும் முழு உண்மையல்ல. துண்டித்த பெட்டி தன் பழைய விதியோடு உறைந்து நிற்கும், அந்த விதியே பின்னாளில் ஆபத்தாகலாம். மூன்று லட்சம் நிலையங்களின் இன்வெர்ட்டர்கள் யாரும் தாக்காமலேயே ஆபத்தானவையாக மாறின. தெரிந்தே பழுதடைந்த மென்பொருளைச் சரிசெய்ய வழியில்லாத கருவி, தாக்குபவருக்குத்தான் நிரந்தரமாக வசதியானது. 2024 மே மாதம் ஜப்பானில், சோலார் நிலையங்களைக் கண்காணிக்கும் சுமார் 800 பெட்டிகளை மோசடிக்காரர்கள் கைப்பற்றி, வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திருடுவதற்கு இடைவழியாகப் பயன்படுத்தியது செய்தியானது. அவர்களுக்கு மின்சாரத்தில் அக்கறையே இல்லை. கவனிப்பாரற்ற கணினிகள் அவர்களுக்குக் கிடைத்தன, அவ்வளவுதான்.

இரண்டாவது வாதம் வலுவானது. செய்தவருக்குத்தான் கருவி தெரியும், ஹவாயில் ஒரே நாளில் வேலை முடிந்ததற்கும் அதுவே காரணம், ஆகவே பராமரிப்பைத் தயாரித்தவரிடமே விட்டுவிடலாமே என்பது அது. தயாரிப்பாளரின் அறிவு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அறிவோடு தனி அதிகாரமும் சேர்ந்து போவதுதான் சிக்கல். 2024-இல் நெதர்லாந்தின் தன்னார்வப் பாதுகாப்பு ஆய்வாளர்கள், என்ஃபேஸின் கேட்வேயில் ஆறு குறைகளைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். உலகெங்கும் 150 நாடுகளில் 40 லட்சம் நிலையங்கள் அந்தக் கேட்வேயை நம்பியிருந்தன. நிறுவனம் திருத்தியது. திருத்த முடிந்ததும் அந்தத் தொலைவழி இருந்ததால்தான். ஆனால் 150 நாடுகளின் கூரைகள் ஒரு தனியார் நிறுவனத்தின் வாசல்வழி ஆளப்படுகின்றன என்பது அந்த நாடுகளின் மின்சாரச் சட்டங்கள் எதிலும் எழுதப்பட்ட ஏற்பாடல்ல. தானாக வளர்ந்த வழக்கம். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் இன்வெர்ட்டர்கள் சில, இங்கே இதைப் பயன்படுத்த அனுமதியில்லை என்று திரையில் காட்டி நின்றுபோயின. அதன் பின்னணி விற்பனை உரிமை சம்பந்தமானது. அதில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, வணிகத் தகராறு ஒருவர் வீட்டு மின்சாரத்தைத் தொலைவிலிருந்து நிறுத்த முடிந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

ஜெர்மனி கண்ட விடை, அந்தப் பராமரிப்பைச் சட்டத்தால் ஒரு பதவியாக்குவது. 2016-இல் வந்த மீட்டர் நிலையச் சட்டம் ஸ்மார்ட் மீட்டருக்கு ‘கேட்வே நிர்வாகி’ என்றொரு பொறுப்பை உருவாக்கியது. பெட்டியை அமைப்பது, ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, யாருக்கு எந்தத் தரவு போகலாம் என்று வரையறுப்பது, சான்றிதழ்களை மாற்றுவது எல்லாம் அவர் கடமை. அவருடைய சொந்த அலுவலகமும் தகவல் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். தொழில்நுட்ப விதிகளை எழுதியது பான் நகரில் இருக்கும் கூட்டாட்சித் தகவல் பாதுகாப்பு அலுவலகம். அந்த விதிகளில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வெளியிலிருந்து யாரும் கேட்வேக்கு இணைப்பு ஏற்படுத்த முடியாது, நிர்வாகிகூட முடியாது. நிர்வாகிக்குப் பேச வேண்டுமென்றால், கையொப்பமிட்ட ஒரு சிறு எழுப்புச் செய்தியை மட்டும் அனுப்புவார். கேட்வே அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும். சரியென்றால், தனக்குள் ஏற்கெனவே பதிந்துள்ள நிர்வாகியின் முகவரிக்குத் தானே இணைப்பைத் தொடங்கும். ரகசியக் குறிகள் தனிச் சில்லுக்குள் இருக்கும். மூடியைத் திறந்தாலும் அவற்றை வெளியே எடுக்க முடியாது. தொழிற்சாலையிலிருந்து சுவர்வரை பெட்டி போகும் பாதைகூடக் கண்காணிக்கப்படுகிறது.

இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் காரணமும் இருந்தது. முதல் கேட்வே சான்று பெற்றது 2018 டிசம்பரில். பொருத்தியாக வேண்டும் என்ற அறிவிப்பு 2020 பிப்ரவரியில். 2021 மார்ச்சில் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம், சான்று பெற்ற பெட்டிகள் சட்டம் கேட்ட தகுதிகளை நிறைவு செய்யவில்லை என்று சொல்லி அறிவிப்பை நிறுத்திவைத்தது. 2023 மே மாதம் புதுச் சட்டம் போட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். 2025 தொடக்கத்தில்கூட நாட்டின் மொத்த மீட்டர்களில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாகவே இந்தப் பெட்டி இணைந்திருந்தது. அண்டை நாடுகள் சில எளிமையான ஸ்மார்ட் மீட்டர்களைக் கோடிக்கணக்கில் மாட்டி முடித்துவிட்டன. இந்தத் தாமதத்தை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் பொறுப்பை நிர்ணயித்தது என்று சொல்வது தவறு. ஒரு தொழில்நுட்ப விதியைத் தீட்டித் தீட்டி முழுமையாக்கும்வரை எதையும் சுவரில் மாட்டாமல் இருந்ததே காரணம். பதவியை முதலில் வைத்துவிட்டு, பெட்டியைப் படிப்படியாக வளர்த்திருக்கலாம்; தொலைவிலிருந்து புதுப்பிக்க முடிந்த பெட்டிக்கு அந்த வசதி உண்டு என்பதை ஹவாய் காட்டியிருந்தது.

அந்தத் தாமத காலத்தில் பழைய பெட்டிகள் சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பரில் ஹாம்புர்க்கில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள், நெட்டலை வானொலிக் கட்டுப்பாட்டுச் செய்திகளில் மறையாக்கமும் இல்லை, அனுப்புநர் யார் என்ற சோதனையும் இல்லை என்று செய்துகாட்டினார்கள். யார் பேசினாலும் ரிலே கேட்கும். இதன் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் அந்தப் பெட்டிக்கு வாய் இல்லாததால், அதைத் தொலைவிலிருந்து திருத்தவும் வழியில்லை. ஒவ்வொன்றையும் ஆள் போய்க் கழற்றி மாற்ற வேண்டும். மறுபடியும் ஏணி, மறுபடியும் கடிதம்.

இன்னும் தீராத குறை வேறிடத்தில் இருக்கிறது. இத்தனை காவலோடு வந்த ஜெர்மன் கேட்வே, மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதே வீட்டின் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கார் சார்ஜரும் தத்தம் பெட்டி வழியாக, வீட்டு வைஃபையில், தயாரிப்பாளரின் கிளவுடோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டாவது வழிக்கு நிர்வாகி என்று யாரும் இல்லை. லிதுவேனியா இதைத் தொட்டது. 2024 நவம்பரில் அதன் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் எனக் கருதப்படும் நாடுகளின் தயாரிப்பாளர்கள் சோலார், காற்றாலை, பேட்டரி நிலையங்களைத் தொலைவிலிருந்து இயக்குவதைத் தடை செய்கிறது. சீனாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. நாட்டைப் பார்த்துத் தடுப்பது அரைகுறை வழி என்பது என் கருத்து. நட்பு நாட்டின் நிறுவனமும் திவாலாகலாம், அதன் சர்வருக்குள்ளும் ஆள் புகலாம். கேஏ-சாட் பகை நாட்டுச் சேவையல்ல. எந்த நாட்டுக் கருவியாக இருந்தாலும், அமைப்பை மாற்றும் கட்டளை உள்நாட்டுச் சட்டத்துக்குப் பதில் சொல்லும் ஒரு நிர்வாகியின் கையொப்பத்தோடுதான் உள்ளே போக வேண்டும் என்று வைப்பதே முறை. இதைவிடக் கவலை தருவது அந்தச் சட்டம் வரைந்த எல்லை: 100 கிலோவாட். அதற்குக் கீழே இருக்கும் வீட்டுக் கூரைகள் தனித்தனியே சிறியவை என்று விலக்குப் பெற்றன. 2012-இல் ஜெர்மனி தன் கட்டமைப்பைக் காப்பாற்ற வீடுவீடாகக் கடிதம் எழுத நேர்ந்தது, 10 கிலோவாட்டைத் தாண்டிய கூரைகள் வரைக்கும்.